டொயோட்டாவின் நான்கு மாத மௌனம்

ஒரு கார் நிறுவனம் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்பப் பெறுகிறது என்ற செய்தி வந்ததும் நம்மில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது எண்ணிக்கையைத்தான். எண்ணிக்கை பெரிதாக இருந்தால் அந்த நிறுவனத்தின் தரம் போய்விட்டது என்று முடிவு கட்டி, அதே வேகத்தில் நாலு பேருக்கு அனுப்பியும் விடுகிறோம். இந்த அளவுகோலில் எனக்கு உடன்பாடில்லை. பல ஆயிரம் உதிரி பாகங்கள் சேர்ந்து ஓடும் ஓர் இயந்திரத்தில் ஏதோ ஒன்றில் குறை வருவது இயல்பு. அதைக் கண்டுபிடித்து, 'வண்டியைக் கொண்டு வாருங்கள், எங்கள் செலவில் சரிசெய்து தருகிறோம்' என்று சொல்லும் நிறுவனம் தன் கடமையைச் செய்கிறது. நாம் கேட்க வேண்டியது வேறு: அந்தக் குறை நிறுவனத்துக்கு என்றைக்குத் தெரிய வந்தது, வண்டி ஓட்டுபவருக்கு என்றைக்குச் சொன்னார்கள்? 2009, 2010 ஆண்டுகளில் டொயோட்டா நடந்துகொண்ட விதத்தை இந்தக் கேள்வியோடு படித்தால்தான் அதன் முழு அளவும் புரிகிறது என்று நினைக்கிறேன்.

2009 ஆகஸ்ட் 28 அன்று, கலிபோர்னியாவில் சான் டியாகோ நகரை அடுத்த சான்டீ என்ற ஊரில் ஒரு விபத்து நடந்தது. நெடுஞ்சாலைக் காவல்படை அதிகாரி ஒருவர், பணியில் இல்லாத நேரத்தில், குடும்பத்தார் மூவரோடு ஒரு லெக்ஸஸ் காரில் போய்க்கொண்டிருந்தார். லெக்ஸஸ், டொயோட்டாவின் சொகுசு பிராண்டு. அது அவருடைய கார் அல்ல. சர்வீஸுக்கு விட்ட சொந்தக் காருக்குப் பதிலாக டீலர் தற்காலிகமாகக் கொடுத்த கார். மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் அது ஓடிக்கொண்டிருக்க, உள்ளே இருந்தவர்களில் ஒருவர் அவசர உதவி எண்ணை அழைத்து, ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டது, பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலை முடியும் சந்திப்பில் கார் இன்னொரு வண்டியை மோதிச் சரிந்து தீப்பிடித்தது. நால்வரும் இறந்தார்கள்.

காரணம் என்னவென்று விசாரித்தபோது தெரிய வந்தது, ஒரு ரப்பர் மேட். வேறு மாடலுக்கான, அளவில் பொருந்தாத மேட்டை அந்தக் காரில் போட்டிருந்தார்கள்; அது முன்னால் நகர்ந்து ஆக்ஸிலரேட்டர் பெடலின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டது. அனுபவமுள்ள காவல்துறை ஓட்டுநரால் ஏன் நிறுத்த முடியவில்லை என்று கேட்பவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் முழு வேகத்தில் இழுத்துக்கொண்டிருக்கும்போது பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிட விசை மறுபடி சேர்வதில்லை. சில தடவை மிதித்து எடுத்ததும் பெடல் கல்லாக இறுகிவிடும், அதன்பிறகு எவ்வளவு பலம் கொடுத்தாலும் போதாது. இரண்டாவது, அந்த காரில் சாவி கிடையாது, பொத்தான்தான். ஓடும்போது அதை மூன்று விநாடி விடாமல் அழுத்திப் பிடித்தால்தான் எஞ்சின் அணையும். இரவல் காரில் ஏறியவருக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்?

என்னை மிகவும் உறுத்துவது விசாரணையில் வெளிவந்த இன்னொரு தகவல். சில நாட்களுக்கு முன் இதே காரை இரவலாகப் பெற்று ஓட்டிய இன்னொருவருக்கும் இதே மேட்டால் ஆக்ஸிலரேட்டர் சிக்கியிருக்கிறது. அவர் எப்படியோ வண்டியை ஓரங்கட்டி, மேட்டை விடுவித்து, திருப்பிக் கொடுத்தபோது டீலரின் வரவேற்பு மேசையில் இருந்தவரிடம் சொல்லிவிட்டும் போயிருக்கிறார். அந்தச் சொல் அந்த மேசையைத் தாண்டவில்லை.

டொயோட்டாவுக்கு மேட் பிரச்சினை அப்போதுதான் முதன்முதலாகத் தெரிந்தது என்றும் சொல்ல முடியாது. 2007 செப்டம்பரிலேயே சுமார் 55,000 மேட்டுகளைத் திரும்பப் பெற்றிருந்தது. கார்களைத் தொடாமல் மேட்டுகளோடு விஷயத்தை முடித்துக்கொண்டதால் 10 கோடி டாலர் மிச்சமானது என்று, அந்நிறுவனத்தின் வாஷிங்டன் அலுவலகம் 2009 ஜூலையில் தயாரித்த உள்சுற்று ஆவணத்தில் ஒரு சாதனையாகவே குறித்திருக்கிறார்கள். சான்டீ விபத்து நடந்தது அதற்கடுத்த மாதம். ஒழுங்குமுறை அதிகாரிகளிடம் பேசிச் செலவைக் குறைப்பது ஓர் அலுவலகத்துக்குப் பெருமையான வேலையாகத் தெரிந்தது என்றால், அந்த நிறுவனத்தில் ஏதோ அடிப்படையிலேயே தடம் புரண்டிருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

விபத்துக்குப் பிறகு 38 லட்சம் கார்களுக்கு மேட் தொடர்பான எச்சரிக்கை வெளியானது. இதோடு மூல காரணத்தைச் சரிசெய்துவிட்டோம் என்று நிறுவனம் மக்களிடம் சொன்னது. ஆனால் அந்த நேரத்தில் அதன் பொறியாளர்களுக்கு இரண்டாவது குறை ஒன்றும் தெரிந்திருந்தது. இந்தியானா மாநிலத்தின் சிடிஎஸ் நிறுவனம் செய்து கொடுத்த ஆக்ஸிலரேட்டர் பெடலுக்குள் உராய்வுக்காக வைத்திருந்த பிளாஸ்டிக் பாகம், தேய்மானத்தாலும் ஈரம் படிவதாலும் ஒட்டிக்கொண்டு, காலை எடுத்த பின்னும் பெடலைத் திரும்பவிடாமல் பாதியில் நிறுத்தியது. மேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மேட்டைக் கழற்றி வீசியவரின் காரிலும் இது நடக்கும். சரிசெய்வதோ பெரிய வேலையும் அல்ல. பெடலுக்குள் ஒரு சிறிய எஃகுத் தகட்டைச் செருகி உராய்வைக் குறைத்தால் போதும் என்பதுதான் பின்னால் அவர்களே கண்ட வழி.

2009 செப்டம்பர் 29 அன்று டொயோட்டா இந்தப் பெடல் குறைக்கான பழுதுநீக்கும் முறையை ஐரோப்பாவில் 31 நாடுகளின் விநியோகஸ்தர்களுக்கும் கனடாவுக்கும் அனுப்பியது. அமெரிக்க அரசிடமும் மக்களிடமும் சொல்லவில்லை. பாதுகாப்புக் குறை இருப்பதாக முடிவுக்கு வந்த ஐந்து வேலை நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அக்டோபரில் அமெரிக்காவில் தயாராகும் கார்களுக்குப் பெடலின் வடிவமைப்பை மாற்றத் திட்டமிட்டு, பிறகு அதை ரத்து செய்தார்கள். ரத்து செய்ததை எழுத்தில் வைக்க வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொன்னதும், 2014இல் அமெரிக்க அரசோடு செய்த உடன்பாட்டின் ஆவணத்தில் நிறுவனமே ஒப்புக்கொண்ட உண்மைகளில் அடங்கும். திரும்பத் திரும்பப் பொய் சொன்னால் யாராவது சிறைக்குப் போக நேரிடும், இதற்கு நான் துணைபோக முடியாது என்று ஊழியர் ஒருவர் சொன்னதும் அதே ஆவணத்தில் இருக்கிறது. 2010 ஜனவரி 16 அன்று அமெரிக்க விற்பனைப் பிரிவின் பொதுத் தொடர்புத் துணைத் தலைவர் இர்வ் மில்லர், மறைத்து வைக்கும் காலம் முடிந்துவிட்டது, உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்று சக அதிகாரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஜனவரி 21 அன்றுதான் 23 லட்சம் கார்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. ஐந்து நாள் கழித்து எட்டு மாடல்களின் விற்பனையையே நிறுத்த வேண்டியதாயிற்று.

செப்டம்பர் முடிவிலிருந்து ஜனவரி பாதி தாண்டும் வரை, ஏறத்தாழ நான்கு மாதங்கள். அந்த நாட்களில் தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றவர்கள், தங்கள் காரில் ஆபத்தில்லை என்ற நிறுவனத்தின் சொல்லை நம்பித்தான் ஏற்றிச் சென்றார்கள். எந்தத் தொழிலாளியும் குறையைக் கண்டால் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்ற வழக்கத்தை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த நிறுவனம் இது. உள்ளே எச்சரித்த குரல்கள் இருந்தன என்பதும் அவை மதிக்கப்படவில்லை என்பதும் அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

தலைவர் அகியோ டொயோடா ஆரம்பத்தில் முன்னால் வரவே இல்லை. ஜனவரி இறுதியில் டாவோஸில் தொலைக்காட்சி நிருபரிடம் சில வாக்கியங்கள், பிப்ரவரி 5 இரவு நகோயாவில் அவசரமாகக் கூட்டிய செய்தியாளர் சந்திப்பு. அங்கே அவர் எவ்வளவு குனிந்து மன்னிப்புக் கேட்டார் என்பதைக்கூட ஊடகங்கள் அலசின. பிப்ரவரி 24 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் அமர்ந்தபோதுதான் பொருளுள்ள ஒன்றைச் சொன்னார்: முதலில் பாதுகாப்பு, அடுத்து தரம், மூன்றாவதாக எண்ணிக்கை என்பதே எங்கள் வரிசை, வேகமாக வளர்ந்ததில் அந்த வரிசை குழம்பிவிட்டது. உலகச் சந்தையில் 15 சதவீதம் என்ற இலக்கை வைத்துக்கொண்டு ஓடி, 2008இல் ஜெனரல் மோட்டார்ஸை முந்திய நிறுவனத்தின் தலைவர் அப்படிச் சொன்னது சாதாரணமானதல்ல. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நான்கு மாதங்களை வளர்ச்சியின் வேகத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. எழுத்தில் வைக்காதே என்று சொல்ல ஒருவர் யோசித்து முடிவெடுத்திருக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு அமெரிக்க ஊடகங்கள் எல்லாமே பொறுப்போடு நடந்துகொண்டன என்று சொல்ல முடியாது. ஏபிசி தொலைக்காட்சி, கார் தானாக வேகமெடுப்பதைக் காட்டிய செய்தியில், நின்றுகொண்டிருந்த காரில் எடுத்த மீட்டர் காட்சியைச் சேர்த்திருந்தது அம்பலமாகி, பிறகு காட்சியை மாற்றியது. மின்னணுக் கட்டுப்பாட்டில்தான் கோளாறு என்ற பரவலான சந்தேகத்தை ஆராய அமெரிக்க அரசு நாசாவின் பொறியாளர்களையே அழைத்தது. பத்து மாத ஆய்வின் முடிவில், 2011 பிப்ரவரியில், ஆபத்தான அளவு வேகமெடுக்கச் செய்யும் மின்னணுக் கோளாறு எதுவும் கண்டறியப்படவில்லை என்று அறிவித்தார்கள். வந்த புகார்களில் கணிசமானவை பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததால் நடந்தவையாக இருக்கலாம் என்பதும் ஏற்கத்தக்க முடிவுதான்.

ஆனால் ஓட்டுநரின் தவறு என்ற விளக்கம் எல்லோருக்கும் எளிதாக இருப்பதால் அதில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. 2006இல் மின்னசோட்டா மாநிலத்தில் 1996ஆம் ஆண்டு டொயோட்டா கேம்ரி கார் ஒன்று முன்னால் நின்ற காரில் வேகமாக மோதியதில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். பிரேக்கைத்தான் மிதித்தேன், வண்டி நிற்கவில்லை என்று ஓட்டியவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. எட்டாண்டு சிறைத் தண்டனை. அவருடைய மாடல் 2010இல் திரும்பப் பெற்ற கார்களில் ஒன்றல்ல. ஆயினும் அந்தச் செய்திகள் வெளிவந்த பிறகே அவர் சொன்னதை மறுபடி கேட்க ஆள் கிடைத்தது. சுமார் இரண்டரை ஆண்டு சிறையிலிருந்த பிறகு 2010 ஆகஸ்டில் விடுதலையானார். 2015இல் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரி, அந்த விபத்துக்கு 60 சதவீதப் பொறுப்பு டொயோட்டாவுடையது என்று தீர்ப்பளித்தது. நிறுவனம் கடைசி வரை தன் பழுதை மறுத்தது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அபராதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெடல் குறையைத் தாமதமாகச் சொன்னதற்கு 2010 ஏப்ரலில் விதித்த தொகை சுமார் 1.64 கோடி டாலர். அன்றைய சட்டம் அனுமதித்த உச்சமே அவ்வளவுதான். 2014 மார்ச்சில் அமெரிக்க அரசின் நீதித்துறையோடு செய்த உடன்பாட்டில் 120 கோடி டாலர் கட்டியது. தனிமனிதர் எவர்மீதும் குற்றவழக்கு இல்லை. மூன்றாண்டு கண்காணிப்புக்குப் பின் 2017இல் நிறுவனத்தின் மீதிருந்த வழக்கும் தள்ளுபடியானது. விற்பனையில் 2012லேயே டொயோட்டா மறுபடியும் உலகின் முதலிடத்துக்கு வந்துவிட்டிருந்தது.

பாடம் கற்றுக்கொண்டார்களா என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் கலவையானது. பிரேக்கை மிதித்தால் ஆக்ஸிலரேட்டரின் கட்டளை ரத்தாகும் அமைப்பைத் தன் கார்களில் கொண்டுவந்தது உண்மையான முன்னேற்றம். ஆனால் 2023இல் அதன் துணை நிறுவனமான டைஹாட்சுவில் வெளிவந்த விவரங்களைப் படித்தபோது எனக்கு மனம் கசந்தது. உள்ளிருந்தே ஒருவர் புகார் கொடுத்துத்தான் விஷயம் வெளியே வந்தது. 64 மாடல்களில், 174 முறைகேடுகள், பழையது 1989 வரை நீண்டது. ஏர்பேக் மோதலை உணர்ந்து தானாக விரிகிறதா என்று பார்க்க வேண்டிய சோதனையில், டைமர் வைத்து அதை விரிய வைத்திருக்கிறார்கள். குறுகிய கால அவகாசத்தில் புதிய மாடலை முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியே காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. 2024 ஜூனில் டொயோட்டாவின் சொந்த மாடல்களிலும் ஏழில் சான்றிதழ் சோதனை முறைகேடுகள் ஒப்புக்கொள்ளப்பட்டன. சிலவற்றில் நாங்கள் விதியைவிடக் கடுமையாகவே சோதித்தோம் என்பது அவர்கள் வாதம். 1,100 கிலோ வண்டியை மோதவிட வேண்டிய இடத்தில் 1,800 கிலோ வண்டியை மோதவிட்டதைக் காட்டினார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். எது கடுமையானது என்று தீர்மானிக்கும் உரிமை தேர்வு எழுதுபவருக்கு இல்லை. அந்த மாதம் நடந்த பங்குதாரர் வாக்கெடுப்பில் அகியோ டொயோடாவுக்கு முந்தைய ஆண்டு கிடைத்த சுமார் 85 சதவீத ஆதரவு 72 சதவீதமாகச் சரிந்தது.

இது எங்கோ நடக்கும் விவகாரமும் அல்ல. 2024 ஜனவரியில் இன்னொரு குழும நிறுவனத்தின் டீசல் எஞ்சின் சான்றிதழ் சோதனையில் முறைகேடு தெரிந்தபோது, இந்தியாவில் இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் ஆகிய மூன்றின் அனுப்புதலும் சில நாட்கள் நிறுத்தப்பட்டது. திருமணம், கோயில், மருத்துவமனை என்று எதற்கும் நம் ஊரில் வாடகைக்குப் பிடிப்பது இன்னோவாதான். குறைபட்ட வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு அரசு உத்தரவிடும் விதிகள் நமக்கு நடைமுறைக்கு வந்ததோ 2021 ஏப்ரலில்தான். அமெரிக்காவில் திரும்பப் பெறும் அறிக்கை கொடுக்கும் நிறுவனம், முதல் புகார் வந்தது எப்போது, ஆய்வு நடந்தது எப்போது, முடிவெடுத்தது எப்போது என்ற காலவரிசையையும் சேர்த்தே அரசிடம் கொடுக்க வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். நமக்கு வரும் அறிவிப்புகளில் எந்தத் தேதிக்குள் தயாரான வண்டி, எத்தனை, எந்தப் பாகம் என்ற விவரத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்தக் காலவரிசையை இங்கேயும் கட்டாயமாக்க வேண்டும், டொயோட்டா உட்பட எந்த நிறுவனத்துக்கும் விலக்கில்லாமல். சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு விதித் திருத்தத்தால் செய்துவிடக்கூடிய காரியம் இது.