'லெக் பெயின்' என்று இரண்டு சொற்கள்

சென்ற ஆண்டு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து என் பெரியம்மாவை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்து வந்திருந்தேன். 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயோடு இருப்பவர். இளம் மருத்துவரிடம் அவர் சொன்னது இது: "பாதம் காந்துது தம்பி. ராத்திரியில கெண்டைக்கால் உளையுது. கட்டவிரலு மதமதன்னு கெடக்கு, செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரிய மாட்டேங்குது." சீட்டில் 'லெக் பெயின்' என்று ஆங்கிலத்தில் எழுதி, வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள்.

காந்தல் வேறு, உளைச்சல் வேறு, மதமதப்பு வேறு. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போதலும் சேர்ந்து வந்தால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கழன்ற செருப்பு தெரியவில்லை என்றால், குத்திய முள்ளும் தெரியாது. புண் வந்தபின்தான் தெரியும். படிக்காத பெரியம்மா நோய்க்குறிகள் அத்தனையையும் வரிசையாகச் சொல்லிவிட்டார். அவை மொழிபெயர்ப்பில் காணாமற்போயின.

நோயாளியின் குறையை அவருடைய சொற்களிலேயே பதிவு செய்ய வேண்டும் என்பது மருத்துவ மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தரப்படும் விதி. நம் ஊரில் அந்தச் சொற்களும் ஆங்கிலத்தில்தான் பதிவாகின்றன என்பது யாருக்கும் உறுத்துவதில்லை. அந்த மருத்துவரை நான் குறை சொல்லமாட்டேன். அவரும் நம் பக்கத்துப் பிள்ளைதான். வெளியே தேநீர்க் கடையில் என்னிடம் நம் தமிழில்தான் பேசினார். பாடநூலும் தேர்வும் ஆய்விதழும் ஆங்கிலமாகவே இருக்கும்போது, 'உளைச்சல்' என்பது நோய்க்குறியாக இல்லாமல் பாட்டிமார் பேச்சாகத்தான் காதில் விழும்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாத்தாளில், வலியை விவரிக்கும் 78 ஆங்கிலச் சொற்கள் 20 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அருமையான வேலை. பிற மொழியினர் அதை மொழிபெயர்த்துப் பயன்படுத்தவும் செய்கிறார்கள். ஆனால் இந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று தேடுவது வேறு. குடைச்சல், கடுப்பு, விண்விண்ணென்று தெறிப்பது ஆகியவற்றை நம் மக்கள் எந்த நோய்க்குச் சொல்கிறார்கள் என்று வார்டு வார்டாகக் கேட்டுத் தொகுப்பது வேறு. நமக்குத் தேவை இரண்டாவது.

தமிழில் மருத்துவம் முடியாது என்பவர்கள் யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்கலாம். 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், தாம் தமிழ் கற்று, மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மாணவர்களுக்குத் தமிழிலேயே கற்பித்தார். நான் அவ்வளவு தூரம்கூடக் கேட்கவில்லை. சீட்டில் ஒரு வரி தமிழில் இருந்தால் போதும்.

சில மாதங்கள் கழித்து, பெரியம்மா சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த மருத்துவர் அதை இருமுறை படித்தார். தொடு உணர்வு இருக்கிறதா என்று மெல்லிய நைலான் இழையால் பாதத்தை ஆங்காங்கே அழுத்திப் பார்த்துவிட்டு, "பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்காம்மா?" என்று கேட்டார். அதற்குப் பெரியம்மா கால் மணி நேரம் பதில் சொன்னார்.