எர்கானமிக்ஸ் ஆராய்ச்சிக்கு இன்ஜினியரிங் பட்டம் கட்டாயமா?

"எர்கானமிக்ஸ், தொழில்துறை வடிவமைப்பு ஆராய்ச்சியெல்லாம் பி.இ. முடித்தவர்களுக்கு மட்டும்தான்" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

எர்கானமிக்ஸ் என்பது கருவிகளையும் வேலையிடத்தையும் மனிதருக்கு ஏற்றபடி வடிவமைக்கும் துறை. அந்தச் சொல்லை 1857-இல் முதலில் பயன்படுத்திய போலந்துக்காரர் வோய்செக் யஸ்ட்செம்போவ்ஸ்கி ஓர் இயற்கை ஆய்வாளர். சூரிச்சில் இத்துறையை வளர்த்த பேராசிரியர் எட்டியென் கிராஞ்சாங் மருத்துவர். இத்துறையின் இன்னொரு முன்னோடியான அமெரிக்கர் அல்போன்ஸ் சபானிஸ் கதை இன்னும் சுவையானது. அவர் படித்தது உளவியல். இரண்டாம் உலகப் போரின்போது பி-17 விமானங்கள் தரையிறங்கிய பிறகு, விமானிகள் இறக்கை மடிப்புகளை (ஃபிளாப்) இழுப்பதாக நினைத்துச் சக்கரங்களை மடக்கிவிட்டார்கள். 'விமானியின் கவனக்குறைவு' என்றே எழுதி வைத்தார்கள். சபானிஸ் பார்த்தார்: இரண்டு கட்டுப்பாடுகளும் ஒரே மாதிரி, அதுவும் பக்கத்துப் பக்கத்தில்! ஒன்றின் முனையில் சக்கர வடிவத்தையும், மற்றதில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். கை தொட்டாலே வித்தியாசம் தெரியும். அப்புறம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் பேராசிரியராக இருந்தார்.

சரி, இந்தியாவில்? முதுநிலை வடிவமைப்புப் படிப்புக்கு ஐஐடி மும்பை நடத்தும் 'சீட்' (CEED) என்ற நுழைவுத் தேர்வை, பிளஸ் டூவுக்குப் பின் குறைந்தது மூன்றாண்டுப் படிப்பை முடித்த எவரும் எழுதலாம், பாடப்பிரிவு தடையில்லை. சில எம்.டெக். படிப்புகள் மட்டும் பொறியியல் பட்டம் கேட்கும். வதந்தி அங்கிருந்து கிளம்பியிருக்கலாம்.