ஜன்னலுக்குக் கீழே ஜெனரேட்டர்

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் நல்ல ஹோட்டலாகப் பார்த்து அறை பிடிப்பதற்குள் உயிர் போய்விடுகிறது. படத்தில் நீச்சல் குளம், பஞ்சு மெத்தை, எல்லாம் பளபள. '24 மணி நேர மின்சாரம்' என்று கொட்டை எழுத்தில் வேறு போட்டிருந்தார்கள். மின்சாரம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதைத் தரும் டீசல் ஜெனரேட்டர் என் ஜன்னலுக்கு நேர் கீழே! ராத்திரி முழுக்க ரைஸ் மில்லுக்குள் படுத்த மாதிரி இருந்தது. கண்ணயரும் நேரத்தில் லைனில் கரண்ட் வந்துவிட, தெருவில் பிள்ளைகள் 'அப் நேபா!' என்று ஒரே கூச்சல். நேபா என்பது பழைய மின்வாரியம். அது பேர் மாறி, 2013-ல் விநியோகம் தனியார் கைக்கும் போய்விட்டது. கூச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, இடமாவது வசதியா? விமான நிலையம் இகேஜாவில்தானே என்று அங்கேயே தங்கினேன். வேலையோ விக்டோரியா தீவில். வரைபடத்தில் கூப்பிடு தூரம். நடுவில் காயல், அதன்மேல் 11 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் தேர்ட் மெயின்லேண்ட் பாலம். காலை நெரிசலில் அந்தப் பாலத்தில் வண்டி நகர்வதற்குள் ஒரு தூக்கமே போட்டுவிடலாம். நான் போட்டேன். ராத்திரிக் கடன் அங்கேதான் தீர்ந்தது.

திரும்பி வந்து அறையை மாற்றிக் கேட்டேன். முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். அந்த ஜன்னலுக்குக் கீழே பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டர்.