மூடிய முகப்பு என்றால் காற்று வராதா?

"முன்பக்கம் கதவுபோல் மூடியிருக்கும் பெரிய கணினி கேபினெட்டில் காற்றே நுழையாது, உள்ளே எல்லாம் வெந்துவிடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை. கதவின் ஓரங்களில் நெடுக ஓடும் பிளவுகளை அவர் கவனிக்கவில்லை போலும். காற்று அந்த வழியாக வளைந்து உள்ளே போகிறது. விசிறியின் ஒலிக்கோ நேர்வழி இல்லை, கதவின் உட்புறம் ஒட்டிய நுரைப்பஞ்சில் மோதித் தேய்ந்துவிடுகிறது. முன்பக்கம் வலைபோல் துளைகள் உள்ள பெட்டியைவிடச் சில டிகிரி சூடு கூடலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் பெரிய பெட்டியில் 140 மில்லிமீட்டர் விசிறிகள் பொருத்தலாம். 120 மில்லிமீட்டர் விசிறி தரும் அதே காற்றை அவை குறைந்த வேகத்திலேயே தரும். அமைதி வேண்டுமென்றால் சந்தேகப்பட வேண்டியது பக்கவாட்டுக் கண்ணாடியை. அது நுரைபோல ஒலியை உறிஞ்சாது. (அழகில் மயங்கி நானும் அதைத்தான் வாங்கினேன்.) சூடு மிஞ்சினால் முதலில் தூசி வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள்.