மாண்டரின் வாங்க முதல் போத்தலில் பூச்சி வளருங்கள்

இரண்டடிக் கடல்நீர்த் தொட்டியில் மாண்டரின் என்ற சின்ன வண்ணக் கடல்மீனை விடலாமா என்று யாராவது கேட்டால், “பாறையில மேஞ்சு தன்பாட்டில வாழும், சாப்பாடு போடத் தேவையில்ல” என்று பத்துப் பேர் வந்து சொல்கிறார்கள். கடையிலும் அதைச் சொல்லித்தான் பையில் போட்டுத் தருகிறார்கள். மேயும் என்பது சரி. இரண்டடித் தொட்டியில் மேய என்ன இருக்கிறது?

கணக்குப் பாருங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் 56 லீற்றர். பாறையும் மணலும் போக 45 லீற்றர் தண்ணீர் நிற்கும். இந்த மீனுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 200 லீற்றருக்கு மேல், அதுவும் ஆறு மாதமாவது தொட்டியில் கிடந்து, சிற்றுயிர்கள் குடியேறிப் பழுத்த பாறையோடு. சின்னத் தொட்டியில் இருக்கிற கொப்பேபோட் பூச்சியை (இறால் வகையைச் சேர்ந்த மிகச் சிறிய உயிர்) அது சில கிழமைக்குள் துடைத்து எடுத்துவிடும். அதற்குப் பிறகும் கொத்திக்கொண்டேதான் இருக்கும், வாயில் ஒன்றும் அகப்படாது. பார்க்கிறவருக்கு “நல்லாத்தான் சாப்பிடுது” என்று தோன்றும். மெலிந்து மெலிந்து ஒருநாள் செத்துக் கிடந்தால் நோய் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

அடம்பிடிக்கிற மீன் என்ற பெயரையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. இது முற்றத்துக் கோழி மாதிரி. விடிந்தது தொடக்கம் பொழுதுபடும் வரை ஒவ்வொன்றாகப் பொறுக்கித்தான் வயிறு நிரம்பும். ஏதாவது அசைந்தால் அப்படியே நின்று, உற்றுப் பார்த்து, வாயைக் குழாய் போல நீட்டி உறிஞ்சும். மேலிருந்து விழுகிற உருண்டைத் தீன் அதன் கண்ணுக்கு மணல்தான்.

அதனால் மீன் வருவதற்கு ஒரு மாதம் முன்பே பூச்சி வளர்ப்பைத் தொடங்குங்கள். கொப்பேபோட்டில் டிஸ்பே என்ற இனம் நல்லது. பாறையிலும் கண்ணாடியிலும் ஒட்டி ஊர்வதால் மற்ற மீன்களிடம் இலேசில் அகப்படாது. வாய் அகன்ற இரண்டு லீற்றர்ப் பாத்திரம் இரண்டு எடுங்கள். ஒன்று கெட்டாலும் மற்றது கைகொடுக்கும். உப்பு அடர்த்தி 1.023 முதல் 1.025. காற்றுக் கல் வேண்டாம். வெறும் குழாயில் செக்கனுக்கு ஒன்றிரண்டு குமிழ் வந்தால் போதும். அதற்குத் தீனாக, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி வளர்ந்த பச்சைத் தண்ணீரை, நிறம் இலேசாகத் தேசிக்காய்ப் பச்சை ஆகும்வரை விடுங்கள். தெளிந்த பிறகுதான் அடுத்தது. வளர்ப்பு கெடுவதற்கு முதல் காரணமே தீன் கூடிப்போவதுதான்: பாசி அழுகி, ஒட்சிசன் குறைந்து, ஒரே இரவில் எல்லாம் அடியில் படிந்து நாறும். பெருகிய பிறகு கிழமைக்கு ஒருதரம் கால்வாசித் தண்ணீரை 60 மைக்ரோன் வலையில் வடித்துப் பூச்சியை எடுத்து, அந்த அளவுக்குப் புதுக் கடல்நீர் விட்டால் சரி.

அந்தக் கடல்நீரை மட்டக்களப்பு வாவியில் அள்ளாதீர்கள். வாவியின் உப்பு மாரிக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. வயல் வடிகால்களும் அதில்தான் விழுகின்றன. பூச்சிமருந்துக்குக் கொப்பேபோட்டும் பூச்சிதான். கல்லடியோ கல்முனையோ, திறந்த கடலில் எடுங்கள். மாரி மழையில் முகத்துவாரம் வெட்டிக் கலங்கல் கடலுக்குப் போகிற நாட்களில் அதுவும் வேண்டாம்.

இன்னொரு எமன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்: நுளம்புத் திரி. எயார் பம்ப் அறைக்காற்றை இழுத்துத்தான் தண்ணீருக்குள் விடுகிறது. திரியிலும் ஸ்பிரேயிலும் உள்ள பைரெத்ரோயிட் மருந்து கொப்பேபோட்டையும் இறாலையும் மிகக் குறைந்த அளவிலேயே கொல்லும், மீனையும் விடாது. டெங்குக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்றால் பம்பை நிறுத்தி, தொட்டியையும் வளர்ப்பையும் மூடி, புகை முழுக்கப் போன பிறகு போடுங்கள்.

கச்சான் காற்றுக் காலத்தில் தண்ணீர் 30 பாகையைத் தாண்டும். சின்ன விசிறியைத் தண்ணீர் மட்டத்துக்கு மேல் பிடித்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும், ஆனால் தண்ணீர் ஆவியாகும். 45 லீற்றரில் மூன்று லீற்றர் போனால் ஆயிரத்துக்கு 35 இருந்த உப்பு 37.5 ஆகிவிடும். அன்றன்றைக்கு ஆர்ஓ வடிகட்டியில் உப்பு நீக்கிய நன்னீரால் நிரப்புங்கள், கடல்நீரால் அல்ல.

பூச்சியைத் தொட்டிக்குள் விடுவது இரவில், விளக்கையும் அலைப் பம்பையும் நிறுத்திய பிறகு. பெருவிரல் அளவு பவளக் கற்களை ஒரு மூலையில் குவித்து வையுங்கள். கல்லிடுக்குக்குள் மாண்டரினின் வாய் எட்டாது. பூச்சிக்கு அது தாய்வீடு.

இவ்வளவு செய்தாலும் 45 லீற்றருக்கு இது காணாது. ஆகவே ஆட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சும் வேண்டும். ஒரு லீற்றர் கடல்நீருக்கு ஒரு கிராம் முட்டை, பலமான காற்று, விளக்கு. நம்மூர்ச் சூட்டில் 24 மணித்தியாலத்தில் பொரிக்கும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் கோது மேலே மிதக்கும். அடியில் இருக்கும் செம்மஞ்சள் குஞ்சை மட்டும் குழாயால் இழுத்து, வடித்து, நன்னீரில் அலசிக் கொடுங்கள். பொரித்த சில மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் குஞ்சின் உடம்பில் உள்ள முட்டைக்கருவின் சத்து மிஞ்சும். நாளைக்கு மூன்று நாலு தரம்.

கொடுக்கும் விதத்துக்கு ஒரு சின்ன ஜாம் போத்தலே போதும். வாயை மேல்நோக்கிச் சரித்து மணலில் பதித்து, சிரிஞ்சில் மாட்டிய குழாயால் இரையை உள்ளே இறக்குங்கள். நீந்தித் திரிகிற மீன்கள் ஒடுங்கிய வாய்க்குள் நுழையத் தயங்கும், மாண்டரின் தத்தித் தத்திப் போய் உள்ளே குந்தித் தின்னும். அது பழகிய பிறகு, உயிர் ஆட்டீமியாவோடு உறைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம். உப்புப் போடாத மணலை மீன் சினையையும் நன்றாக அலசி ஒரு சிட்டிகை கொடுத்துப் பார்க்கலாம். மிஞ்சினதை உடனே எடுத்துவிட வேண்டும், அந்தக் கொழுப்புத் தண்ணீரைக் கெடுக்கும். கூனிக் கருவாட்டைத் தூளாக்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வீண்வேலை, உப்பும் தூசும்தான் மிச்சம்.

மீன் தேறுகிறதா என்பதைப் பக்கவாட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலிருந்து பாருங்கள். வயிறு இரண்டு பக்கமும் இலேசாகப் பிதுங்கி நின்றால் நல்லது. தலை மட்டும் அகன்று, அதற்குப் பின்னால் உடம்பு கத்தி போல ஒடுங்கியிருந்தால் நாட்கணக்கில் பட்டினி. கடைத்தொட்டியிலேயே அப்படி நிற்கிற மீனை, விலையைப் பாதியாகக் குறைத்தாலும் எடுக்காதீர்கள்.