ஜிம் தோர்ப்பின் தங்கப் பதக்கங்கள்: பரவும் தகவல் பழையது

"1912 ஒலிம்பிக்கில் ஜோடி சேராத ஷூவோடு ஓடி ஜெயித்தவர் ஜிம் தோர்ப். பிடுங்கிய பதக்கங்களை இன்று வரை திருப்பித் தரவில்லை" என்று ஒரு படமும் செய்தியும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

படம் உண்மையானதுதான். ஒரு காலில் ஒரு ஷூ, மறுகாலில் வேறு ஷூ, சாக்ஸும் வேறு வேறு. ஆனால் பதக்கம் பற்றிய வரி தவறு.

அமெரிக்காவின் கார்லைல் பள்ளியில் அமெரிக்கக் கால்பந்தில் கலக்கிய அமெரிக்கப் பழங்குடி இளைஞர் தோர்ப். 1912 ஒலிம்பிக் நடந்த ஸ்டாக்ஹோமில் பென்டத்லான் (ஐந்து தடகளப் போட்டிகள் சேர்ந்தது), டெகத்லான் (பத்துப் போட்டிகள் சேர்ந்தது) இரண்டிலும் தங்கம் வென்றார். காசு வாங்கி விளையாடியவர்கள் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளக் கூடாது என்பது அப்போதைய விதி. அதற்கு முன் 1909, 1910இல் அவர் சிறு தொகைக்குப் பேஸ்பால் ஆடியது தெரியவர, 1913இல் பதக்கங்கள் பறிபோயின. ஆட்சேபம் எழுப்ப விதிப்படி இருந்த 30 நாள் அவகாசம் எப்போதோ முடிந்திருந்தது. அவருக்கு நடந்தது அநியாயம், அதில் சந்தேகமே இல்லை. அப்புறம் அவர் பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து இரண்டிலும் தொழில்முறை வீரராக ஆடினார். 1953இல் காலமானார்.

1983 ஜனவரியில் மாற்றுப் பதக்கங்கள் அவருடைய பிள்ளைகளிடம் தரப்பட்டன. அப்போது அவரை இணை வெற்றியாளர் என்றே குறித்தார்கள். 2022 ஜூலையில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இரு போட்டிகளுக்கும் அவரை ஒரே சாம்பியனாக அறிவித்தது. கமிட்டியின் இணையதளத்தில் 1912 முடிவுகளைத் திறந்தால் நீங்களே பார்க்கலாம்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள். அனுப்பியவருக்கும் இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.