பேக்கேஜ் ஒன்று, பெயர் மூன்று

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் பாண்டியிலிருந்து அக்கா மகன் போன். அவர்கள் தெருக் கோயிலின் பழைய கும்பாபிஷேக மலரை ஸ்கேன் எடுத்து வைத்திருக்கிறான், டெசராக்ட் போட்டால் தமிழ் அச்சை அதுவே படித்துக் கொடுத்துவிடும் என்று ஆசை காட்டிவிட்டவன் நான்தான். இங்கே கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னுடையது டெபியன், அவன் லேப்டாப்பில் ஃபெடோரா; இரண்டும் லினக்ஸ்தான், வகைதான் வேறு. தமிழுக்காக நிறுவ வேண்டிய பேக்கேஜின், அதாவது மென்பொருள் பொட்டலத்தின் பெயரை ‘டெசராக்ட்-ஓசிஆர்-டாம்’ என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன். “மாமா, அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்குது.” எங்கேயோ எழுத்தை விடுகிறான் என்று திட்டி மூன்று முறை அடிக்க வைத்தேன். தப்பு என்மேல். ஃபெடோராவில் அது டெசராக்ட்-லாங்பேக்-டாம். ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸில் டெசராக்ட்-டேட்டா-டாம். மூன்றும் கொண்டுவந்து வைப்பது டாம்.டிரெயின்ட்டேட்டா என்ற ஒரே பெயருள்ள கோப்பைத்தான்!

கடலூர்க்காரனுக்கு இதெல்லாம் புதுசில்லை. ரயிலில் வருகிற வெளியூர் விருந்தாளி முதுநகர் ஜங்ஷனில் பையோடு நிற்பார், நாம் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வாசலில் வண்டியோடு நிற்போம். 2006இல் புதுச்சேரி என்று சட்டப்படி மாற்றிய பிறகும் பாண்டி, புதுவை எல்லாம் அப்படியேதான் ஓடுகின்றன. ஆனால் எந்தப் பெயரைச் சொன்னாலும் கண்டக்டர் “ஏறு” என்பார். ஃபெடோராவில் பேக்கேஜ் நிறுவுகிற டிஎன்எஃப் ஏற்றாது.

பெயர் வேறுபடுவதற்கே நான் எதிரி இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம். டெபியனில் பேக்கேஜ் பெயருக்குச் சின்ன எழுத்து மட்டும்தான், அதனால் படங்களைத் திருத்துகிற இமேஜ்மேஜிக் முழுக்கச் சின்ன எழுத்தில் வரும். ஃபெடோராவில் அதை எழுதியவர்கள் வைத்த மாதிரியே பெரிய ஐ, பெரிய எம். நிரல் எழுதுபவர்களுக்கான கோப்புகளை டெபியன் ‘டெவ்’ என்று தனியாகப் பிரிக்கும், ஃபெடோரா ‘டெவெல்’ என்று பிரிக்கும், ஆர்ச் பெரும்பாலும் பிரிப்பதே இல்லை. லோஹித் தமிழ் எழுத்துருவைப் பாருங்கள், ஃபெடோராவில் ‘டமில்’ என்று முழுசாக இருக்கும், டெபியனில் நடுவில் ஐ இல்லாமல் டி-ஏ-எம்-எல். அது தமிழ் எழுத்து முறைக்கான நான்கெழுத்துக் குறியீடு, காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் தேடுகிறவன் கண்ணுக்கு எழுத்துப்பிழை மாதிரிதான் படும்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். பேக்கேஜ் பெயர் கடைக்காரர் ரேக்கில் ஒட்டுகிற சீட்டு, எப்படி வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளட்டும். கட்டளைப் பெயர் அப்படியா? அது தினமும் என் விரல் அடிப்பது. டெபியனில் கோப்பைத் திறந்து காட்டும் ‘பேட்’ போட்டால் கட்டளை ‘பேட்கேட்’, கோப்பைத் தேடும் ‘எஃப்டி’ போட்டால் ‘எஃப்டிஃபைண்ட்’. அந்தப் பெயர்களில் ஏற்கெனவே வேறு நிரல்கள் இருந்ததாம். முதலில் வந்தவனுக்குத்தான் நாற்காலி, சரி. ஆனால் நோட் கதை தெரியுமா? அமெச்சூர் ரேடியோக்காரர்களின் ஒரு சின்ன நிரல் ‘நோட்’ என்ற பெயரை வைத்திருந்ததால், டெபியனில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்ஜேஎஸ்ஸை ‘நோட்ஜேஎஸ்’ என்று அடித்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. ‘நோட்’ என்று கூப்பிடுகிற ஊரார் ஸ்கிரிப்ட் எல்லாம் அங்கே வந்து குப்புற விழும். கடைசியில் 2017இல் டெபியனின் தொழில்நுட்பக் குழு பஞ்சாயத்து வைத்து, ‘நோட்’ நோட்ஜேஎஸ்ஸுக்கே என்று தீர்த்தது. நிரலில் செய்கிற மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட்டுக்கே இந்தக் கதிதான், குனு இன்டராக்டிவ் டூல்ஸ் என்ற இன்னொரு கிட் இடத்தைப் பிடித்திருந்ததால் ரொம்ப நாள் ‘கிட்-கோர்’ என்ற பேக்கேஜாக ஒதுங்கி நின்றது. பழைய உரிமையை மதிக்கணும்தான், ஆனால் பத்துப் பேர் பயன்படுத்துவதற்காக ஊரே வழி மாறிப் போவது எந்த ஊர் நியாயம்?

தமிழில் லினக்ஸ் பாடம் எழுதும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். டெபியனில் நிறுவுகிற ஏபிடி கட்டளை வரி ஒன்றை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். எந்தக் கட்டளை, எந்தக் கோப்பு வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். கோப்புப் பெயர் தெரிந்தால் ஃபெடோராவில் டிஎன்எஃப் புரொவைட்ஸ், டெபியனில் ஏபிடி-ஃபைல், ஆர்ச்சில் பேக்மேன் மைனஸ் பெரிய எஃப், எதுவும் அது இருக்கும் பேக்கேஜைக் காட்டிக் கொடுத்துவிடும். ஏபிடி-ஃபைலை மட்டும் தனியாக நிறுவணும்; அதற்கும் பேக்மேனுக்கும் முதலில் கோப்புப் பட்டியலை ஒருமுறை அப்டேட் போடணும்.

அன்றைக்கும் அதைத்தான் செய்தோம். பதினொன்றே காலுக்கு வாட்ஸ்அப்பில் மலரின் முதல் பக்கம் வந்தது. ‘நன்கொடை’ எல்லாம் ‘நன்கொடி’ ஆகியிருந்தது. “பரவாயில்லை மாமா, நான் திருத்திக்கிறேன்” என்றான்.